எட்டாவது கையெழுத்தை நான் ஏன் போடவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

நேற்று இரவு நடை சாத்திய பிறகு நம்ம நிர்வாகக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் என்னை மாமாக் கடைக்கு அழைத்துப் போனார்கள். தே தாரிக் வந்தது. பின்னாலேயே ஒரு தாளும் வந்தது. நம் குழுவில் மொத்தம் 15 பேர். தலைவர் மேல் நம்பிக்கை இல்லை என்று அதில் ஏழு பேர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "தம்பி, நீ போட்டா எட்டு. நாளைக்குக் காலையிலேயே சாவியை வாங்கிடலாம்" என்றார் அண்ணன்.

நான் போடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வாட்ஸ்அப் குழுவில் நான் தலைவரின் ஆளாகிவிட்டேன்!

இல்லீங்க. தலைவர் மாறணும் என்பதுதான் என் எண்ணமும். மூன்று மாத வரவு செலவு இன்னும் பலகையில் ஒட்டப்படவில்லை. கேட்டால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்ற பதில்தான். அதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பேராக்தான் ஞாபகம் வந்தது. 2009. இளைய பிள்ளைகள் பலருக்கு அந்தக் கதை தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பாதிதான் ஞாபகம் இருக்கும், அவரவர் கட்சிக்குப் பிடித்த பாதி.

2008 மார்ச் 8 பொதுத்தேர்தல் நமக்கு எப்படிப்பட்ட தேர்தல் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நாலு மாதம் முன்புதான் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைபட்டது. நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி. அந்தக் கோபம் ஓட்டுப் பெட்டியில் இறங்கியது. சிலாங்கூரில் ஆட்சி மாறியது. பேராக்கிலும் மாறியது.

பேராக் சட்டமன்றத்தில் 59 இடங்கள். ஜசெக 18, பிகேஆர் 7, பாஸ் 6, ஆக மொத்தம் 31. தேசிய முன்னணிக்கு 28. அதில் அம்னோ 27, மசீச 1. மஇகாவுக்கு ஒன்றுகூட இல்லை. மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது பேராக் அரசியலமைப்பின் பொது விதி. அதனால் 18 இடம் வைத்திருந்த கட்சிக்குப் பதவி போகாமல், 6 இடம் வைத்திருந்த பாஸ் கட்சியின் முகமட் நிஸார் ஜமாலுடின் மந்திரி பெசார் ஆனார். முதலில் ஜசெகவின் லிம் கிட் சியாங் இதை எதிர்த்து அறிக்கை விட்டார். பிறகு சுல்தானிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கி வந்தார். மார்ச் 17ஆம் தேதி நிஸார் பதவி ஏற்றார். ஆட்சிக்குழுவில் வழக்கறிஞர் சிவநேசன் இருந்தார். சபாநாயகர் நாற்காலியில் வி. சிவகுமார். நாட்டிலேயே ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு இந்தியர் ஒருவர் சபாநாயகர் ஆனது அதுதான் முதல் முறை. அன்றைக்கு நம்ம ஆளுங்க பட்ட சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஆட்சி பதினோரு மாதம்கூட நிறையவில்லை.

கவிழ்ந்த விதத்தை விவரமாகச் சொல்கிறேன், அதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் மூன்று பேர் மக்கள் கூட்டணியை விட்டு விலகினார்கள். பிகேஆரின் ஜமாலுடின் ராட்சி, ஒஸ்மான் ஜைலு, ஜசெகவின் ஹீ யிட் ஃபூங். முதல் இரண்டு பேர் மேல் அப்போது லஞ்ச வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூன்றாமவர் துணை சபாநாயகர், அதாவது சிவகுமாருக்கு அடுத்த நாற்காலி! மூவரும் சுயேச்சையாக இருந்து தேசிய முன்னணியை ஆதரிப்போம் என்றார்கள். 28ம் 3ம் 31. இந்தப் பக்கம் 28. கணக்கு அப்படியே தலைகீழ்.

பிப்ரவரி 4ஆம் தேதி நிஸார் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லிக் கேட்டார், மக்களிடமே போவோம் என்று. சுல்தான் அஸ்லான் ஷா சம்மதிக்கவில்லை. மறுபக்கத்து 31 பேரையும் நேரில் பார்த்து விசாரித்துவிட்டு, நிஸாரையும் ஆட்சிக்குழுவையும் பதவி விலகச் சொன்னார். பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, கோலகங்சார் அரண்மனையில் ஸம்ரி அப்துல் காடிர் பதவி ஏற்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தைப்பூசம். பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எல்லாரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இத்தனையும் நடந்தது சட்டமன்றத்துக்கு வெளியே. உள்ளே ஒரு கைகூட உயரவில்லை, ஒரு ஓட்டுகூட எண்ணப்படவில்லை.

புதிய ஆட்சிக்குழுவில் இந்தியர் ஒருவரும் இல்லை. இருக்கவும் முடியாது, அந்த 31 பேரில் நம்மவர் யாரும் கிடையாதே. ஆட்சிக்குழு என்பது நமக்கு வெறும் அரசியல் இல்லை என்பதை இங்கே சொல்லியாகணும். நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரம். கோயில் நிலமும் அதில் அடக்கம். நில அலுவலகத்தில் கிடக்கும் ஒரு கோயில் விண்ணப்பத்தைத் தட்டிக் கேட்க ஆட்சிக்குழுவில் ஒரு ஆள் வேண்டும். கிள்ளானில் இருக்கிற நமக்கு இது நன்றாகத் தெரியும். (பிரிக்பீல்ட்ஸ் நண்பர்களுக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம். கோலாலம்பூர் 1974லேயே சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆகிவிட்டது. அவர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரே கிடையாது, தாவுவதற்கும் ஆள் கிடையாது!)

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். மார்ச் 3ஆம் தேதி சிவகுமார் அவையைக் கூட்டினார். கட்டடத்துக்குள் விடவில்லை. ஈப்போவில் சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கூட்டம் நடந்தது. மே 7ஆம் தேதி உள்ளே நடந்த கூட்டத்தை நான் பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் டிவியில் பார்த்தேன். ஒரே அவையில் இரண்டு சபாநாயகர்கள். ஒரு பக்கம் சிவகுமார். மறு பக்கம் தேசிய முன்னணி கொண்டுவந்த மஇகாவின் ஆர். கணேசன். இரண்டு பேருமே இந்தியர்கள். கடைசியில் சபாநாயகர் அங்கியோடு இருந்த சிவகுமாரை வெளியே இழுத்துப் போனார்கள். உரையாற்ற வந்த ராஜா நஸ்ரின் ஷா பல மணி நேரம் காத்திருந்தார். கடையில் ஒரு பெரியவர், எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது, "நாற்காலி யாருதாவது இருக்கட்டும்பா, ஆளை இப்படியா இழுப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

நாலு நாள் கழித்து, மே 11ஆம் தேதி, கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் நிஸார்தான் மந்திரி பெசார் என்றது. அவையில் ஓட்டு எடுக்காமல் அவருக்குப் பெரும்பான்மை இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, 22ஆம் தேதி தீர்ப்பையே மாற்றியது. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் ஸம்ரிக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். பெரும்பான்மை போய்விட்டதை அவைக்கு வெளியிலும் அறிந்துகொள்ளலாம் என்பது அதன் பொருள். சட்டப்படி அது முடிந்த விஷயம். நான் வழக்கறிஞர் இல்லை, அதை எதிர்த்துப் பேச வரவில்லை.

ஆனால் சட்டப்படி சரி என்பது ஒன்று, ஊருக்கு மனசு ஆறுவது வேற ஒன்று. அந்த மூன்று பேரும் அவையில் எழுந்து நின்று, தொகுதி மக்கள் பார்க்க, கையைத் தூக்கியிருந்தால் நிஸார் அன்றைக்கே தோற்றிருப்பார். 31க்கு 28. மரத்தடிக் கூட்டம் வந்திருக்காது, இழுபறி வந்திருக்காது, ஓராண்டு கோர்ட்டு அலைச்சலும் வந்திருக்காது. முடிவு அதே முடிவுதான். ஆனால் தோற்றவனும் "சரி, தோத்துட்டேன்" என்று வீட்டுக்குப் போயிருப்பான்.

இது நான் சும்மா கற்பனை பண்ணிச் சொல்வது இல்லை. அதே பேராக்கில் 2020 டிசம்பர் 4ஆம் தேதி மந்திரி பெசார் ஃபைசால் அஸுமு மேல் அவைக்குள்ளேயே நம்பிக்கை ஓட்டு நடந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத ஓட்டு 1. மனுஷன் பதவி விலகினார். அடுத்த வாரமே புதுமந்திரி பெசார் வந்தார். மரத்தடியும் இல்லை, இரண்டு சபாநாயகரும் இல்லை. அன்றைக்குப் பேராக்கில் ஆட்சி மாறியதே நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை பாருங்க.

கையெழுத்துத் தாள் விவகாரம் பேராக்குக்கும் முந்தியது. 1966இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் கலோங் நிங்கானை நீக்கியபோது, 21 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை வைத்துத்தான் நீக்கினார்கள். கூச்சிங் நீதிமன்றம் அது செல்லாது, அவையில் ஓட்டு எடுங்கள் என்றது. பிறகு அவசரகாலம் அறிவித்து, சட்டத்தை மாற்றி, அவையைக் கூட்டித்தான் அவரை இறக்கினார்கள்.

இப்போது சிலருக்குக் கோபம் வரப்போகிற பகுதி. பேராக்கில் பாதிக்கப்பட்டவர்கள் சுத்தமானவர்களா? மூன்று பேர் போனதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, ஜனவரி 25ஆம் தேதி, அம்னோவின் போத்தா சட்டமன்ற உறுப்பினர் நசாருடின் பிகேஆருக்குத் தாவினார். அப்போது அந்தப் பக்கம் ஒரே கொண்டாட்டம். தவளை நம்ம கிணற்றுக்கு வந்தால் அது ஞானத் தவளை! பிப்ரவரி 4ஆம் தேதி அவர் திரும்ப அம்னோவுக்கே போய்விட்டார். அதற்கும் முன்னால், 2008 செப்டம்பர் 16க்குள் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தாவ வைத்து மத்திய ஆட்சியைப் பிடிப்போம் என்று சொன்னதும் இதே கூட்டணிதான். இரண்டு பிகேஆர் உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். சபாநாயகர் அதைக் காட்டி இரண்டு தொகுதியும் காலி என்றார், தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. ஸம்ரியையும் அவருடைய ஆட்சிக்குழுவினர் ஆறு பேரையும் அவையிலிருந்து இடைநீக்கம் செய்தார், கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. மரத்தடியில் சிவகுமார் நின்றதற்கு நான் கை தட்டுவேன். இந்தக் கடித வேலைக்குத் தட்ட மாட்டேன்.

இந்தத் தாவல் வியாதிக்கு மருந்து வர 2022 வரை ஆனது. அந்த வருஷம் அக்டோபர் 5இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. கட்சியை விட்டுப் போனால் பதவி போகும். கட்சியே நீக்கினால் போகாது, கட்சி முழுசா கூட்டணி மாறினாலும் போகாது. ஓட்டை இருக்கிறது, ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது மேல்.

நம்ம கோயிலுக்கு வருகிறேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், இதே மண்டபத்தில் இதே மாதிரி ஒரு தாள் முன்பும் ஓடியது. ராத்திரியில் ஆள் மாறினார்கள். விடிந்தபோது உண்டியலில் இரண்டு பூட்டு. ஆடித் திருவிழாவுக்கு இரண்டு ரசீதுப் புத்தகம். உபயக்காரர்கள் யாரிடம் பணம் கட்டுவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். குருக்கள் ஐயா சங்கல்பத்தில் எந்தத் தலைவர் பேரைச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். நான் "அம்பாள் பேரைச் சொல்லுங்க சாமி" என்றேன். அந்த வருஷம் போன சில குடும்பங்கள் இன்னும் திரும்பி வரவில்லை. அன்று இறக்கப்பட்ட தலைவர் நல்லவரா கெட்டவரா என்பது யாருக்கும் இப்போது ஞாபகம் இல்லை. இரண்டு பூட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான் அண்ணே, எட்டாவது கையெழுத்து என்னிடம் இல்லை. கை இருக்கிறது. அதைப் பொதுக்கூட்டத்தில் தூக்குகிறேன், தலைவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே தூக்குகிறேன். ஏழு பேருக்கும் அதே வேண்டுகோள். தாளைக் கிழிக்க வேண்டாம், செயலாளரிடம் தீர்மானமாகக் கொடுங்க. தலைவருக்கும் ஒன்று சொல்கிறேன்: கூட்டத்தைத் தள்ளிப் போட்டால் இந்தத் தாளுக்கு நீங்களே காரணம் ஆவீர்கள். கணக்கோடு வாங்க.

ஞாயிறு காலை 10.30க்கு, காலப் பூசை முடிந்ததும், மண்டபத்தில் கூட்டம். சந்தா பாக்கி உள்ளவர்கள் சனிக்கிழமை மாலை 7 மணிக்குள் அலுவலகத்தில் கட்டிடுங்க, இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது. ஐசி கட்டாயம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, ஓட்டு இல்லாவிட்டாலும் உட்கார்ந்து பார்க்கட்டும். முடிவு எதுவானாலும் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்திதான். காய்கறி நறுக்க சனிக்கிழமை ராத்திரி ஆள் தேவை, வரக்கூடியவர்கள் கீழே பெயர் போடுங்க.