கறுப்புத் திரையில் வேண்டாத பேச்சு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பைதான் மொழியில் சின்னச் சின்ன கேம் எழுதிப் பார்ப்பவர்கள் பலரும் பைகேம் என்ற இலவச லைப்ரரியைப் பயன்படுத்துகிறார்கள். (லைப்ரரி என்பது பிறர் எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு, நம் புரோகிராமில் அழைத்துக் கொள்ளலாம்.) புரோகிராமை இயக்கியதுமே கறுப்புத் திரையில் பைகேமின் பதிப்பு எண்ணும் ஒரு வணக்கமும் வந்து நிற்கும். நாம் எழுதாத வரிகள்!

சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களின் வணக்கம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திரை, புரோகிராம் எழுதியவருக்குச் சொந்தம். உங்கள் புரோகிராம் தரும் மதிப்பெண் பட்டியலை > குறியால் ஒரு பைலுக்கு அனுப்பினால், அந்த வணக்கமும் பைலின் தலையில் ஏறிக்கொள்ளும். அந்தப் பைலைப் படிக்கும் அடுத்த புரோகிராம் குழம்பும். யூனிக்ஸில் சிபி கட்டளை பைலை நகலெடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாது. அதுதான் நல்ல பழக்கம்.

பைகேமை அடக்குவது எளிது. பைகேம்_ஹைட்_சப்போர்ட்_பிராம்ப்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அமைத்து, மதிப்பாக 1 கொடுங்கள். இம்போர்ட் வரிக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பிறகு செய்தால் பயனில்லை.

ஆனால் எல்லா லைப்ரரியிலும் இப்படி ஒரு வசதி இருக்காது. அப்போது சிலர் சொல்லித் தரும் குறுக்கு வழி, கட்டளையின் முடிவில் 2> போட்டு விண்டோஸின் 'நல்' என்ற குப்பைத் தொட்டிக்கு அனுப்புவது. தயவுசெய்து வேண்டாம். 2 என்பது பிழைச் செய்திகள் வரும் வழி. அதை அடைத்தால், புரோகிராம் பாதியில் நின்றாலும் எந்த வரியில் ஏன் நின்றது என்று தெரியாது. விடிய விடிய தேட வேண்டியதுதான்! தவிர, வணக்கம் போன்ற வரிகள் பெரும்பாலும் சாதாரண வழியில் வருபவை. அவை அப்படியே நிற்கும்.

பைதானில் 2003-ல் வந்த 2.3 பதிப்பு முதல் லாக்கிங் என்ற வசதி இருக்கிறது. இதில் செய்திகளுக்குத் தரம் உண்டு: தகவல் 20, எச்சரிக்கை 30, பிழை 40. தொல்லை தரும் லைப்ரரி இதைப் பயன்படுத்தினால், அதன் லாகரை மட்டும் 40-க்கு உயர்த்துங்கள். வளவளப்பு நிற்கும், பிழை வரும். அதற்குமுன் எச்சரிக்கைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். 'இந்த வசதி அடுத்த பதிப்பில் நீக்கப்படும்' என்ற வரி அவற்றில் இருக்கலாம்.

லாக்கிங்கும் இல்லையா? 2> குறிக்குப் பின் 'நல்' போடாமல் ஒரு பைலின் பெயரைப் போடுங்கள். பிழை வழியில் வரும் வரிகள் திரையில் வராமல் அந்தப் பைலுக்குப் போகும். புரோகிராம் நின்றால் நோட்பேடில் திறந்து கடைசி வரியிலிருந்து படியுங்கள்.