குண்டாஸை கோர்ட் ரத்து செய்யுது, சரி... ஜெயிலில் போன மாதங்கள்?

‘ரவுடி மீது குண்டாஸ் பாய்ந்தது’ என்று அடிக்கடி செய்தி வரும். நாங்களும்தான் போடுகிறோம். சில மாதங்கள் கழித்து அதே உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்தால், அது பெரும்பாலும் செய்தியாவதில்லை. இடைப்பட்ட காலம் முழுக்க அந்த நபர் சிறையில் இருந்திருப்பார். அந்த உத்தரவுக்கு எந்த கோர்ட்டிலும் விசாரணை நடந்திருக்காது, ஜாமீன் கேட்கவும் வழியில்லை.

தனிமனித உரிமைக்கு அரசியல் சாசன நீதிமன்றங்கள்தான் காவல் என்று படித்திருப்போம். அந்தக் காவல் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, குண்டர் சட்ட வழக்குகளைப் பார்த்தாலே போதும்.

முதலில், சட்டம் என்ன சொல்லுது?

பெயர் குண்டர் சட்டம் என்றாலும், 1982-ல் வந்த இந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குள் கள்ளச்சாராயம், போதைப்பொருள், குடிசைப் பகுதி நில அபகரிப்பு எல்லாம் அடங்கும். பிறகு திருட்டு வீடியோ, மணல் கடத்தல், சைபர் குற்றம், பாலியல் குற்றம் என்று பட்டியல் நீண்டது. மாவட்டம் என்றால் கலெக்டர், மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனர் உத்தரவு போடலாம். அதிகபட்சம் 12 மாதம்.

கவனிக்க வேண்டியது, இது தண்டனை கிடையாது. தடுப்புக் காவல். ‘வெளியே விட்டால் இனிமேல் ஏதாவது செய்வார்’ என்பதற்காக உள்ளே வைப்பது. 12 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் விஷயம் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. இதற்கெல்லாம் அனுமதி எங்கே இருக்கிறது தெரியுமா? அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே, பிரிவு 22-ல்.

அதனால்தான் கோர்ட்டின் கை ஆரம்பத்தில் இருந்தே பாதி கட்டப்பட்டிருந்தது. 1950-ல் சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். சிறைவைத்த காரணத்தை கோர்ட்டிடம்கூட சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் நீக்கிவிட்டு, தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றது கோர்ட். சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்க வேண்டியதில்லை என்ற அந்தப் பார்வை மாற 1978 மேனகா காந்தி வழக்கு வர வேண்டியிருந்தது. எமர்ஜென்சியில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று 1976-ல் சொன்ன ஜபல்பூர் தீர்ப்பை, 2017 புட்டசாமி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தூக்கி எறிந்தது. 41 வருஷம்!

இப்போ கோர்ட் என்ன பார்க்குது?

முதல் கேள்வி, இது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையா, பொது ஒழுங்குப் பிரச்சினையா? கேட்க ஒன்று மாதிரி இருக்கும். ஆனால், ராம் மனோகர் லோகியா வழக்கில் இருந்தே நீதிமன்றம் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்டால் அது சட்டம் ஒழுங்கு. அதனால் ஊரே கதவை அடைத்துக்கொண்டு முடங்கினால்தான் பொது ஒழுங்கு. இரண்டாவதற்குத்தான் குண்டாஸ் போடலாம்.

அடுத்தது, 2011-ல் வந்த ரேகா வழக்கு. காலாவதியான மருந்து விற்றதாகச் சென்னையில் ஒருவரைக் குண்டாஸில் போட்டார்கள். அவர் ஏற்கெனவே வழக்கில் கைதாகிச் சிறையில்தான் இருந்தார். ‘இது மாதிரி வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது’ என்று உத்தரவில் எழுதியிருந்தார்கள். எந்த வழக்கு, என்ன தேதி என்று ஒரு விவரமும் இல்லை. சாதாரண சட்டத்தாலேயே சமாளிக்க முடிகிற விஷயத்துக்குத் தடுப்புக் காவல் கூடாது என்று சொல்லி ரத்து செய்தது உச்ச நீதிமன்றம்.

ஆனால் பல ரத்து உத்தரவுகள் இவ்வளவு ஆழமான காரணத்துக்குப் போவதே இல்லை. கொடுத்த நகல் படிக்கிற மாதிரி இல்லை, தெரிந்த மொழியில் ஆவணம் தரவில்லை, அனுப்பிய முறையீட்டைப் பரிசீலிக்க அரசு நாட்களை இழுத்தது. இதில் ஏதாவது ஒன்று போதும், உத்தரவு விழுந்துவிடும். ‘டெக்னிக்கல் காரணத்தில் தப்பிச்சுட்டான்’ என்று கமென்ட் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வக்கீலும் இல்லாமல், விசாரணையும் இல்லாமல் உள்ளே இருப்பவரிடம் மிச்சம் இருக்கிற ஒரே உரிமை, ஏன் பிடித்தார்கள் என்று தெரிந்து பதில் எழுதுவதுதான்.

உண்மையான சிக்கல் காலம். 2024-ல் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது மே மாதம் போட்ட குண்டாஸை உயர் நீதிமன்றம் ஆகஸ்ட்டில் ரத்து செய்தது. அதே மாதம் இரண்டாவது உத்தரவு வந்தது, செப்டம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. ஊரே பேசிய, உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்கே மூன்று மாதம். பெயர் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் அம்மா போட்ட மனு வரிசையில் எப்போது வரும்? 12 மாதக் காவலை ஆறாவது, ஏழாவது மாதத்தில் ரத்து செய்தால், ஏறக்குறைய பாதி அனுபவித்தாகிவிட்டது.

நஷ்டஈடு தர கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. விடுதலையான பிறகும் 14 வருஷம் சிறையில் கிடந்த பீகார்க்காரர் ருதுல் சாவுக்கு 1983-லேயே உச்ச நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. குண்டாஸ் ரத்து உத்தரவுகளில் அந்தப் பேச்சு அபூர்வம். ‘வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உடனே விடுவிக்கவும்’ என்பதோடு முடிந்துவிடும். உத்தரவு போட்ட அதிகாரிக்கு எதுவும் ஆகாது.

நாடாளுமன்றமும் இங்கே கை கழுவிவிட்டது. அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வைக்கும் காலத்தை மூன்றிலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்து, கழக உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி போட வேண்டும் என்று 1978-ல் 44-வது திருத்தம் சொன்னது. திருத்தத்தின் மற்ற பகுதிகள் அமலுக்கு வந்தன. இந்த ஒரு பகுதிக்கு மட்டும் இன்றுவரை எந்த அரசும் அறிவிக்கை வெளியிடவில்லை.

உங்களுக்குத் தெரிந்த யார் மீதாவது குண்டாஸ் போட்டால், ஐந்து நாட்களுக்குள் காரணங்களை எழுத்தில் தந்தாக வேண்டும். அந்தக் கட்டை முழுசா வாங்குங்கள், படிக்க முடியாத பக்கங்களைக் குறித்துவையுங்கள். அரசுக்கு முறையீட்டை உடனே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆட்கொணர்வு மனுவைக் குடும்பத்தினரே உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், அங்கேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கேட்கலாம்.