உத்தரவுப் பெட்டியும் ஒரு புத்தக அலமாரியும்

திருப்பூர்ப் பனியன் தொழிலில் சம்பள நாள் சனிக்கிழமை. இந்த வட்டாரத்துத் தொழிலாளிக்குச் சனியினிடத்தில் பயமும் பிரீதியும் சரிபாதியாக இருப்பதற்கு அதுவே காரணமாயிருக்குமோ என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு. பல்லடம் சாலையில், அருள்புரத்துக் கம்பெனிகள் விட்டுத் தேநீர்க் கடை பெஞ்சுகள் நிரம்பும் அந்த நேரத்தில் சற்றே காது கொடுத்தால், ஓவர்லாக் தைக்கிறவரும், செக்கிங் பார்க்கும் பெண்மணியும், பத்து மிஷினைப் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு முதலாளியும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருப்பது தெரியும்: ஏழரைச் சனி எப்போது முடிகிறது, எந்த ஊரில் யார் சொன்ன குறி பலித்தது, பக்கத்து யூனிட்டுக்காரர் செய்வினை எடுக்க எங்கே போய் வந்தார்.

இதை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது சுலபம். பெரியாரின் ஈரோடு இங்கிருந்து வெகு தூரமில்லை, ஆகையால் அந்தச் சொல்லும் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்து, ஒற்றை அறைக்குள் குடும்பத்தை அடக்கிக்கொண்டு, ஒன்றரை ஷிப்டு உழைத்து இரவு எட்டரைக்கு மேல் வெளியே வருகிற ஒருவனுக்கு, அவன் பிறந்த ஊரையும் நேரத்தையும் விசாரித்து, அவனுடைய கவலைகளைத் தவிர வேறு எதைப் பற்றியும் கால் மணி நேரத்துக்குப் பேசாத இன்னொரு மனிதர் இந்த ஊரில் வேறெங்கே அகப்படுவார் என்று யோசித்துப் பார்த்தால், அவன் கொடுக்கும் தட்சணை கிரகங்களைவிட அந்தக் கால் மணி நேரத்துக்கே சேரவேண்டியது என்பது விளங்கும். தன்னை யாராவது வாசிக்க மாட்டார்களா என்ற தாகம் அது. தாகத்தில் குற்றமில்லை, பிறர் வாசித்துச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தன்னைத் தானே வாசிக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறதே என்பதுதான் என் வியாகுலம்.

காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில், மூலவரை நோக்கிப் போகும் வழியிலே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று அதற்குப் பெயர். யாரோ ஒரு பக்தரின் சொப்பனத்தில் சுவாமி தோன்றி, இன்ன பொருளை வை என்று கட்டளையிட, அவர் கோயிலுக்கு வந்து விஷயத்தைச் சொல்ல, சந்நிதியில் பூப் போட்டுக் கேட்டு, வெள்ளைப் பூ வந்தால் மட்டும் அந்தப் பொருள் பெட்டிக்குள் ஏறுகிறது. இன்னொருவருக்கு இன்னொரு சொப்பனம் வரும்வரை அது அங்கேயே இருக்கிறது. இதற்கு நாள் கணக்கு கிடையாது. மண் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வைத்திருக்கிறார்கள், துப்பாக்கியும் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வைத்த பிறகுதான் சுனாமி வந்தது என்றும், மண் வைத்த பிறகுதான் காட்டு நிலமெல்லாம் சைட்டாகி விலை ஏறிற்று என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

பலித்ததா இல்லையா என்ற வழக்கில் நான் நுழைய விரும்பவில்லை. அந்தப் பெட்டியில் என்னைக் கவர்ந்தது அதன் மௌனம். ஒரு பொருள் இருக்கிறது; உரை இல்லை. தண்ணீர் பெருகும் என்றோ வற்றும் என்றோ, மண்ணை வாங்கு என்றோ விற்று விடு என்றோ ஒரு வாக்கியமும் அங்கே எழுதப்படவில்லை. சூத்திரம் மட்டும் கொடுத்து, வியாக்கியானத்தைக் கும்பிட வந்தவனிடமே விட்டுவைத்த அபூர்வமான ஏற்பாடு அது. ஒரு செம்புத் தண்ணீரின் முன்னால் நின்று, எனக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம், நான் அதற்கு என்ன செய்தேன் என்று ஒருவன் ஒரு நிமிஷம் நினைத்தால், அவன் பெரிய நூல் ஒன்றைப் படித்தவனாவான். நாமோ அதைச் சந்தை நிலவர அறிக்கையாக்கிவிட்டோம்.

நொய்யலைப் பாருங்கள். சாயக்கழிவு கலந்து நிறம் நிறமாக ஓடிய அந்த ஆறு, ஆண்டுக்கணக்காக எல்லோர் கண் முன்னாலும் விரிந்து கிடந்த சுவடி. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கெட்ட நேரம் என்று சொன்னவர்களை நான் அறிவேன். அந்த நேரத்தைக் கணிக்கச் சோழி உருட்டவேண்டியதில்லை. பாலத்தின் மேல் நின்று கீழே குனிந்து பார்த்திருந்தால் போதும்.

ஜோதிஷம் பிறந்ததே வானத்தை அப்படிப் பார்த்ததனால்தானே? இந்த இடத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரியார் என்ற பெயரை நினைக்காமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராயிருந்து, 1867இல் ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த அவர், 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடக்கப்போவதைப் பற்றி நம்மவர்கள் அறியும்படி ஒரு சிறு நூலும் எழுதினார்; பஞ்சாங்கத்தில் அச்சாகும் கிரகமும் வானத்தில் நிற்கும் கிரகமும் ஒன்றாயிருக்கவேண்டும் என்ற நியாயமான பிடிவாதத்தோடு, கண்ணால் கண்டு திருத்திய கணிதத்தைக் கொண்டு பஞ்சாங்கம் வெளியிட்டார். அவருக்கு முந்திய வாக்கிய முறையின் பெருமையையும் குறைத்துச் சொல்லக்கூடாது: புதுச்சேரியில் ஒரு தமிழர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்ட, தொடக்கத்தில் நான்கு நிமிஷமே பிழையிருந்ததை வாரன் என்ற ஐரோப்பியர் வியந்து பதிவு செய்தார். அந்தக் கணிதத்தின் தத்துவம் கணித்தவருக்குத் தெரியாது என்றும் கூடவே எழுதி வைத்தார்.

இரண்டு முறைகளின் வழக்கும் இன்றளவும் தீரவில்லை. கண்டு திருத்திய திருக்கணிதப்படி 2025 மார்ச் 29ஆம் நாள் சனி மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார். வாக்கியத்தை அனுசரிக்கும் திருநள்ளாற்றுக் கோயிலோ அன்று பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்று அறிவித்தது. ஆகவே மகர ராசிக்காரர் ஒருவருக்கு, ஒரு பஞ்சாங்கத்தின்படி ஏழரை விலகிவிட்டது. மற்றொன்றின்படி அன்றைக்கு இன்னும் ஏறக்குறைய ஓர் ஆண்டு பாக்கியிருந்தது. இந்த ஓராண்டு யாருடையது என்று பரிகாரம் செய்யப் போகிறவர்களில் ஒருவராவது கேட்டிருந்தால், அந்தக் கேள்வியே அவருக்குப் பாதிப் பரிகாரமாகியிருக்கும்.

அற்புதங்களைத் தேடிய படித்தவர்களின் கதையும் நம் மாகாணத்திலேயே இருக்கிறது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சுற்றி, மகாத்மாக்களின் கடிதங்கள் ஆகாயத்திலிருந்து வருவதாகப் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1884இல் அவை சூழ்ச்சி என்று சென்னைப் பத்திரிகை ஒன்றில் குற்றச்சாட்டு வெளியாயிற்று. மறு வருஷம் இத்தகைய அற்புதங்களை ஆராயும் லண்டன் சங்கத்தின் அறிக்கையும் பாதகமாகவே முடிந்தது. அம்மையார் இந்தியாவை விட்டுப் போனார், திரும்பவில்லை. அவர் போன அடுத்த வருஷமே, 1886 டிசம்பரில், அதே அடையாற்றுத் தோட்டத்தில் ஒரு நூலகம் திறக்கப்பட்டது. இன்று அடையாறு போகிறவர் கடிதம் ஆகாயத்திலிருந்து விழுகிறதா என்று பார்ப்பதில்லை, சுவடிகளைப் பார்க்கிறார்.

இன்னும் அருகில் வந்தால், ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயில் கண்ட வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறி நெய்தவர் அவர். நூல் கணக்குத் தெரிந்த நம்மவர். குண்டலினி என்றால் ஏதோ மந்திர வித்தை என்று மிரண்டவர்களுக்குத் தவத்தோடு அகத்தாய்வு என்ற பயிற்சியையும் கொடுத்தார்: காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தனக்கு யார் யார் மீது கோபம், எதற்காக, எத்தனை முறை என்று தானே எழுதிப் பார்ப்பது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நாடி ஜோதிடனின் ஏட்டைவிட அந்தக் காகிதம் எவ்வளவு பயங்கரமானது என்று.

தன்னைத் தானே வாசிக்கும் பழக்கத்துக்குப் புத்தகமும் ஒரு வாசல். சொத்து வரி கட்டும்போதெல்லாம் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். ஆனால் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு நூலகம் பூட்டிக் கிடக்கிறது. குறி சொல்பவர் விழித்திருக்கிறார். ஆகையால் நூலகம் கம்பெனிக்குள் வரட்டும் என்பது என் யோசனை. பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம்: பூஜைப் படங்கள் மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே இரண்டு தட்டு அலமாரி, நாற்பது ஐம்பது புத்தகம், சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் புரட்டத் தடையில்லாமல்.

அருள்புரத்தில் யூனிட் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல காரியமுங்க, பண்ணிப்போடலாம்" என்றார். தச்சரை வரச்சொல்லிப் போனும் செய்துவிட்டு, அலமாரி வைக்க நாள் பார்க்கவேண்டும் என்று மேஜை இழுப்பறையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். எந்தப் பஞ்சாங்கம் என்று நான் கேட்கவில்லை.