தார்ப்பாய் இழுத்த பி.காம்.!

மனைவிக்கு வேலை அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில். நானும் சும்மா இருக்கவேண்டாமே என்று 2024 ஏப்ரலில் உள்ளூர் பேஸ்பால் டீமில் கணக்கெழுதச் சேர்ந்தேன். பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது கிரிக்கெட் இல்லை என்பதுதான்.

முதல் நாளே மேகம் கறுத்தது. மேனேஜர் ஓடி வந்து, "நீயும் வா!" என்றார். எதற்கு? மைதானத்தை மூடும் தார்ப்பாயை இழுக்க! ஆபீஸ் ஆசாமிகள் அத்தனை பேரும் இழுத்தோம். அப்புறம் ஹாட்டாக் விற்றேன். ஒரு நாள் கரடி வேஷம்கூடப் போட்டேன். (உள்ளே என்ன புழுக்கம் தெரியுமா, சார்!)

வேடிக்கை என்னவென்றால், ஆட்டக்காரர்களின் சம்பளம் என் கணக்கில் வராது. மேலே இருக்கிற மேஜர் லீக் கிளப்தான் தருகிறது. எங்கள் மட்டத்தில் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 11,000 டாலராக இருந்தது, 2023-ல் யூனியன் போட்ட ஒப்பந்தத்தால் 26,200 ஆனது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது... அதுவும் அவர்கள் இஷ்டம். டிக்கெட், பீர், தொப்பி விற்பதுதான் நம்ம பிஸினஸ்.

டொமினிகன் குடியரசிலிருந்து வந்த பையன் ஒருவன், பந்து எறிபவன். அம்மாவுக்குப் பணம் அனுப்ப எங்கே கமிஷன் கம்மி என்று என்னிடம்தான் கேட்பான். அவனுக்கு இங்கிலீஷ் தகராறு, எனக்கு ஸ்பானிஷ் சுத்தமாக வராது. கால்குலேட்டரில் பேசிக்கொள்வோம். ஆகஸ்டில் ஒரு மத்தியானம் பையும் கையுமாக வந்து நின்றான். மேலிடத்தில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். கை குலுக்கினான். போய்விட்டான்.

அன்றைய புரோகிராம் புத்தக அட்டையில் அவன் படம்! அச்சாகி வந்த ஐநூறு பிரதிகளும் குப்பைக்கு. எந்தத் தலைப்பில் எழுதுவது? கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். 'இதர செலவுகள்' என்று போட்டேன். வெளியே மறுபடி மேகம். தார்ப்பாய்க்குக் கூப்பிட்டார்கள்.