தூசிக்கு யார் பொறுப்பு?

அறுப்பு முடிந்துவிட்டால் விவசாயத் தொழிலாளிக்கு வேலை எங்கே? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பலருக்கும் கிடைக்கிற பதில் கல் குவாரி. அதை விட்டால் ஜல்லி கிரஷர். வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். தலைமுடியும் புருவமும் வெளுக்கத் தூசி குடித்து வீடு திரும்புகிறான் தொழிலாளி. அவன் பெயர் எந்த மஸ்டர் ரோலில் இருக்கிறது?

இந்தத் தூசி நமக்குப் புதிதல்ல. வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து நம் பாட்டன்மார் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். தங்கம் இருந்த வெண்கல் பாறையைத் துளைத்தார்கள். தங்கம் கம்பெனிக்குப் போயிற்று. தூசி நுரையீரலில் தங்கியது. 1940களில் அங்கே ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ்! இந்த நோய்க்கு நஷ்ட ஈடு தர மைசூர் சர்க்கார் 1940இலேயே விதிகள் செய்ய வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர், எல்லோர் பெயரும் கம்பெனிப் புத்தகத்தில். நோயை மறைக்க முடியவில்லை. அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது.

சிறு தொழிலில் நிலைமை வேறு. நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோண்டிக் கைவிட்ட சுரங்கங்களில் ஏழைகள் ரகசியமாக இறங்கித் தங்கக் கல் எடுத்து வந்திருக்கிறார்கள். கல்லைப் பொடித்து, பாதரசம் சேர்த்து, நெருப்பில் காய்ச்சுவார்கள். அந்த ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பக்கத்தில் நிற்கும் குழந்தையையும் விடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. ஆனால் குழிக்குள் மண் சரிந்தால், செத்தவன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்ல, திருடன்!

நம் குவாரிக்கு லைசென்சு உண்டு. ஆனால் லோடு கணக்கில் கூலி வாங்கி, மேஸ்திரியின் வாய்ச் சொல்லில் வேலை செய்கிறவனுக்கு என்ன அத்தாட்சி? இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் டி.பி. மாத்திரை கொடுக்கிறார்கள். டாக்டர் மீது முழுக் குற்றமும் சொல்ல மாட்டோம். சிலிகோசிஸ் வந்தவனை டி.பி. எளிதில் பற்றும். ஆனால் “என்ன வேலை செய்தாய்?” என்று கேட்காவிட்டால் பாதி நோய் சீட்டில் ஏறாது. சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்தும் கிடையாது. வாயில் கட்டும் துண்டு அந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது. துளை போடும்போது தண்ணீர் விட்டால் தூசி பெருமளவு அடங்கும். கிரஷருக்கு மூடியும் தண்ணீர்த் தெளிப்பும் வேண்டும். இதற்கா முதலாளியிடம் பணமில்லை?

1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது நஷ்ட ஈட்டுக்குரிய நோய்தான். ஆனால் முதலாளி யாரென்று நிரூபிக்க முடியாதவனுக்கு அந்தச் சட்டம் எதற்கு உதவும்? ராஜஸ்தான் 2019இல் ஒரு வழி செய்தது: நோய் உறுதியானால் சர்க்கார் மூன்று லட்சம் தரும், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி உள்ளது. அந்த வழியை இங்கும் கேட்கிறோம்.

பஞ்சுத் தூசி தின்ற மில் தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டாவது உண்டு. குவாரித் தொழிலாளியின் கோரிக்கைக்குத் தோள் கொடுங்கள். ஒவ்வொரு குவாரியிலும் பெயர்ப் பதிவும் சம்பளச் சீட்டும் வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குவாரித் தொழிலாளர்களுக்கு, பெண்களும் உட்பட, வருஷா வருஷம் இலவச எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். வேலையை விட்டு வீட்டில் மூச்சுத் திணறிக் கிடப்பவர்களையும் முதல் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும்.