பசுமை வாழ்க்கை வசதியுள்ளவர்களுக்கு மட்டுமா?

மூங்கில் பல்துலக்கி, எவர்சில்வர் உறிஞ்சுகுழல், நாற்பது வெள்ளிக்குத் தண்ணீர்க் குவளை. சமூக ஊடகத்தில் ‘பசுமை வாழ்க்கை’ என்று தேடினால் முதலில் கண்ணில் படுபவை இவைதாம். பார்க்கும் இளையர் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: “இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு.”

என்னுடன் படிக்கும் தோழி ஒருத்தியும் அண்மையில் இதையே சொன்னாள். துணைப்பாட வகுப்பு நடத்திக் கைச்செலவைச் சமாளிப்பவள் அவள். அவளது ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும் அன்றாடப் பழக்கங்களில் பெரும்பாலானவை செலவு வைப்பதில்லை, பணத்தை மிச்சப்படுத்துகின்றன.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆயிரம் லிட்டருக்கு வீடுகள் செலுத்தும் கட்டணம் மூன்று வெள்ளிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கடையில் அரை லிட்டர் போத்தல் ஒன்றே ஏறக்குறைய ஒரு வெள்ளி. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் போத்தலை நிரப்பி எடுத்துச் சென்றால் போதும். புதுக் குவளை தேவையில்லை.

அடுத்தது சாப்பாடு. உணவுக் கடைகள் பலவற்றில் பொட்டலம் கட்டி வாங்கும்போது கலனுக்குத் தனியாகக் காசு கொடுக்கிறோம். முப்பது காசு என்று வைத்துக்கொண்டால், வாரத்திற்கு மூன்று முறை வாங்குபவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 47 வெள்ளி செலவாகிறது. வீட்டு டப்பாவை நீட்டுவதற்கு முதல் நாள் கூச்சமாகத்தான் இருக்கும். கடைக்காரர் அளவு தெரியாமல் சற்றுத் தயங்கலாம். இரண்டாம் வாரத்தில் அவரே “டப்பா எங்கே?” என்று கேட்பார்.

வீட்டிலும் வழிகள் உண்டு. குளிர்சாதனத்தை 25 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுழலவிட்டால் அறை போதிய அளவு குளிரும், மின்கட்டணமும் குறையும். துணி காயவைக்க நம் வெயிலும் வீவக வீடுகளின் துணிக்கம்பங்களும் இருக்க, இயந்திரம் எதற்கு?

இவையெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவை ஆசையாகத் திறந்து, உள்ளே இட்லி மாவைக் கண்டு ஏமாறாத பிள்ளை உண்டா? அம்மாவும் பாட்டியும் அதற்குப் பசுமை வாழ்க்கை என்று பெயர் வைக்கவில்லை. பொருளை வீணாக்கக் கூடாது என்று நினைத்தார்கள். நாம்தான் அதைக் கேலி செய்துவிட்டு, அதே வேலைக்கு விலை உயர்ந்த கண்ணாடிக் கலன் வாங்குகிறோம்.

இலவசமாகக் கிடைப்பதும் குப்பையாகலாம். பல்கலைக்கழக நிகழ்ச்சிகளில் தரப்படும் துணிப்பைகள் என் வீட்டில் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டன. இப்போது “வேண்டாம், நன்றி” என்று சொல்லிவிடுகிறேன். நம் திருமண, பிறந்தநாள் விழாக்களில் மேசை நிறைய அடுக்கப்படும் குட்டித் தண்ணீர்ப் போத்தல்களையும் யோசித்துப் பாருங்கள். பாதி குடித்த நிலையிலேயே அவை குப்பைக்குப் போகின்றன. ஒரு பெரிய தண்ணீர்க் கொள்கலனும் கழுவிப் பயன்படுத்தும் குவளைகளும் வைத்தால் விழாவின் சிறப்பு குறைந்துவிடாது.

“நான் ஒருவன் செய்து என்ன மாறிவிடும்? பெரிய ஆலைகள் மாறட்டும்” என்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்காகத்தான் 2019 முதல் இங்குக் கரிம வரி நடப்பில் உள்ளது. ஆனால் வீட்டுக் குப்பைக்கு நாம்தான் பொறுப்பு. அதை எரித்த பிறகும் சாம்பல் மிஞ்சுகிறது. அந்தச் சாம்பல் 1999ஆம் ஆண்டு முதல் செமக்காவ் நிரப்புநிலத்துக்குச் செல்கிறது. நம் நாட்டின் ஒரே நிரப்புநிலமான அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அப்போது எனக்கு வயது முப்பதுதான் இருக்கும். அதன் பிறகும் இந்தத் தீவில் வாழப்போவது என் தலைமுறை.

நீல நிற மறுசுழற்சித் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. அதில் போடப்படுபவற்றில் சுமார் 40 விழுக்காடு, உணவு, திரவம் பட்டோ தவறான பொருளாக இருந்தோ மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது. டப்பாவைக் கழுவிப் போடுவதற்கு அரை நிமிடம் போதும். குப்பையை முதலிலேயே உருவாக்காமல் இருப்பது அதைவிடவும் நல்லது.

ஆகவே இளையர்களே, பசுமையாக வாழ எதையாவது வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சற்று நிதானியுங்கள். இந்த வாரம் ஒன்றே ஒன்றைத் தொடங்குங்கள். சமையலறை அலமாரியில் மூடியுள்ள டப்பா ஒன்று நிச்சயம் இருக்கும். நாளை அதைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.