ஆங்கிலம் கற்பிப்பார்க்குப் பயிற்சி

ஆசிரியர் பணியிற் சேர்ந்த பின்னரும் பயிற்சி பெறுதல் இன்றியமையாததென்பதில் எவர்க்கும் ஐயமின்று. அப்பயிற்சி எவ்விடத்து, எவரால், எம்மொழியின் துணைகொண்டு நிகழ்தல் வேண்டும் என்பதே ஆராயற்பாலது. ஆங்கில ஆசிரியர் பயிற்சியைப்பற்றித் தமிழ் பயிலும் மாணவர் பேசப் புகுவதென்னையென நகுவாரும் உளராவர். அவர்க்கு விடை பின்னர்க் கூறுதும்.

எண்ணூரிற் கொசத்தலையாறு கடலொடு கூடுமிடத்துள்ள மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். அதன் அயலில் அனல்மின் நிலையமும் துறைமுகமும் எழுந்துள்ளன. இத்தகைய ஊரார்க்கு ஆங்கிலம் ஓர் அணிகலன் அன்று. பெருந்தொழில் ஒன்று அப்பகுதியில் எழுமாயின், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்தைக் கேட்பர். அதற்கென ஆக்கப்படும் நீண்ட அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் மட்டுமே தமிழில் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியது. வலையும் படகும் கறைப்பட்டன. அதுபற்றிப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நிகழ்ந்த வழக்கும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. தம் ஆற்றைப்பற்றிப் பிறர் எழுதியதைத் தாமே படித்துணர வேண்டிய பிள்ளைகட்கு ஓராண்டு ஆங்கில வகுப்பு வீணாதல் சிறிய இழப்போ?

இனி, இற்றைநாட் பயிற்சி நடக்குமாறு காண்போம். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தார் பயிற்சிக் கட்டகம் வகுப்பர். அதனைக் கேட்டுத் தேர்ந்த கருத்தாளர் மாவட்டத்தில் உரைப்பர். அவர்பாற் கேட்டோர் வட்டார வள மையத்தில் ஏனையோர்க்கு உரைப்பர். கடையிற் கேட்கும் ஆசிரியர், வகுப்பில் நாற்பது முகங்களுக்கு முன் தனியே நிற்பர்.

கற்றவர் பிறர்க்குக் கற்பிக்க, அவர் மேலும் பிறர்க்குக் கற்பிக்கும் முறைமை நம் நகரத்திற்குப் புதிதன்று. 1789-இல் எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதிப் பயிலுதலைக் கண்டு வியந்தார். தம் விடுதியிலும் மணலைப் பரப்பி, மூத்த பிள்ளையைக்கொண்டே இளைய பிள்ளைக்கு எழுத்தறிவிக்கச் செய்தார். தாயகம் மீண்டு 1797-இல் இதனை நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கடல்கடந்த கதை இதுவெனலாம்.

பின்னர் 1959-இல், சென்னை இராச்சிய அரசினரும் பிரிட்டிஷ் கவுன்சிலாரும் கூடி, ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர் ஏறத்தாழ 27,000 பேர்க்கு மீள்பயிற்சி அளிக்க முற்பட்டனர். முதலிற் சிலரைப் பயிற்றி, அவரைக்கொண்டு பலரைப் பயிற்றினர். உருளுந்தோறும் பருத்துவரும் பனியுருண்டைபோலத் தொகை பெருகும் என்னுங் கருத்தால் இதற்குச் 'சென்னைப் பனியுருண்டை' என்றே பெயர் வழங்கிற்று. 1962-இல் டி. ஏ. ஸ்மித் என்பார் இதுபற்றி எழுதிய கட்டுரை ஆங்கிலங் கற்பிப்போர் இதழொன்றில் வெளிவந்துளது. ஆசிரியர் தொகை பெருகியதை யாம் மறுக்கிலேம். எனினும், பனி பெய்தறியா நம் கடற்கரையில் இவ்வுவமை பொருந்துமாறில்லை. மீன் விற்பார் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வாங்கிவரும் பாளம் குப்பத்தை அணுகுவதற்குள் எத்துணை எஞ்சும்? அவ்வுவமையே ஈண்டுப் பொருந்துவதாம்.

பெல் பாதிரியார் முறைக்கும் இதற்கும் வேறுபாடு என்னை? சட்டாம்பிள்ளை கற்றதும் கற்பித்ததும் ஒரே கூடத்தில். அவன் பிழைசெய்தால் ஆசிரியர் அப்பொழுதே கண்டார். வள மையத்திலோ கற்பிக்கப்படுவது கற்பித்தலைப் பற்றிய பேச்சு, பிள்ளைகள் ஆண்டில்லை.

இக்குறையை நன்குணர்ந்தவர் சென்னைப் பிரிட்டிஷ் கவுன்சிலிற் பணியாற்றிய என். எஸ். பிரபு ஆவர். 1979 முதல் 1984 வரை அவரும் அவர்தம் கூட்டாளிகளும் பெங்களூர், சென்னை முதலிய ஊர்களிற் பள்ளிகள் சிலவற்றைத் தெரிந்து, இலக்கண விதியை முன்வைக்காது, கணக்கும் காலவட்டவணையும் ஊர்ப்படமும் போன்ற வினைகளைத் தந்து, பிள்ளைகள் கருத்து அவ்வினைமேல் நிற்க ஆங்கிலத்தைப் படியவைக்க முயன்றனர். அம்முறையிற் குறை காண்பாரும் உளர். அஃது வேறு வழக்கு. யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது, முறையை வகுத்தவர் தாமே பள்ளிக்கூடத்து வகுப்பிற் புகுந்து, பிறர் கண்காணக் கற்பித்தார் என்பதனையே.

நிற்க. தமிழுக்கு ஈண்டு என்ன வேலை என்னும் வினாவிற்கு வருவோம். குப்பத்துச் சிறுமி ஒருத்தி சொல்லத்தக்க மூன்று தொடர்களை நோக்குக: மீன் கடலில் இருக்கிறது, படகு கடலில் இருக்கிறது, அம்மா துறையில் நிற்கிறாள். மூன்றிடத்தும் 'இல்' என்னும் ஓருருபே அவட்குப் போதும். ஆங்கிலமோ மீனுக்கு 'இன்' என்றும், படகுக்கு 'ஆன்' என்றும், அம்மாவிற்கு 'அட்' என்றும் மூன்று கேட்கும். அவள் மூன்றிடத்தும் 'இன்' என்று எழுதுவாளாயின் அது மடமையன்று. தன் தாய்மொழி இலக்கணத்தை வழுவாது போற்றினாள் என்க. எழுத்திலும் இவ்வாறே. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தாற் குறித்துவைத்துப் படிக்கும் பிள்ளைக்கு, ஆட்டுக்கும் மேற்சட்டைக்கும் 'கோட்' என ஒரே வடிவம் அமைகின்றது. வேற்றுமையியலும் எழுத்தியலும் கற்ற தமிழாசிரியர் பக்கத்து அறையிலேயே இருக்கின்றார். ஆங்கிலப் பயிற்சிக்கு அவரை அழைப்பார் யார்?

தமிழ் புகுந்தால் ஆங்கிலம் கெடும் என்பர். பிள்ளையொடு ஆங்கிலத்திலேயே பேசுக, தடையில்லை. யாம் வேண்டுவது, பிழையின் வேரை ஆசிரியர் அறிந்திருத்தல். பள்ளிதோறும் அறிஞரை அனுப்பப் பொருளேது என்பாரும் உளர். அறிஞரை யாம் கேட்கவில்லை. அணித்தேயுள்ள சில பள்ளிகளின் ஆசிரியர் கூடுதற்குக் குறுவள மையங்கள் முன்னரே உள்ளன. ஆண்டு மெய்யான பிள்ளைகளை இருத்தி ஒருவர் கற்பிக்க, ஏனையோர் பின்னிருந்து கண்டு பேசுக. அடுத்த திங்களில் மற்றொருவர் கற்பிக்கட்டும். கருத்தாளரும் தம் முறை வருங்காற் கற்பித்துக் காட்டுக.

இதிலும் ஓரிடர் உண்டு. ஆசிரியர் இருவரே உள்ள தொடக்கப்பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குச் செல்வாராயின், எஞ்சியவர் ஐந்து வகுப்புகளையும் ஒருங்கே காத்தல் வேண்டும். அந்நாட்களில் எம்மனோர் இருவர் அப்பள்ளிக்குச் சென்று, பிள்ளைகட்குக் கதை சொல்லியும் படிக்கக் கேட்டும் அவர்க்குத் துணைநிற்றல் அரிதன்று. பள்ளியார் விரும்பி, நம் கல்லூரித் தலைவரும் இசைவு தருவராயின், தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் முதலிற் பெயர் கொடுப்போம்.